நான் சொல்லும்வரை பாடாதே

நம் வயசுக்காரர்களில் யாருக்காவது தன் சின்ன வயசுக் குரல் ஞாபகம் இருக்கிறதா? முகமாவது பரவாயில்லை. கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு, கேமராவை முறைத்தபடி நின்று எடுத்த போட்டோ ஒன்று எந்தப் பெட்டிக்குள்ளாவது கிடக்கும். குரலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. என் குரல் நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் என் வார்த்தையைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் பேரன். பாட்டு கிளாசுக்குப் போகிறவன். போன மாசம் அவனுக்குக் குரல் உடைந்தது. வீட்டில் எல்லாரையும்விட நான்தான் அதிகம் பதறினேன். அவனுடைய பாட்டு டீச்சர் சின்னப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் இல்லீங்க தாத்தா. கொஞ்ச நாளைக்குச் சுதியக் குறைச்சுக்கிட்டு மெதுவாப் பாடட்டும். வலிச்சா நிறுத்தட்டும். ஒரு வருஷத்துல தானா சரியாயிடும்." எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கோபம்தான். இவ்வளவுதானா விஷயம்? இதை என்னிடம் ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் காலம் மாதிரி வருமா என்று நீங்கள் கூடிப் பேசும்போது நான் எழுந்து போய்விடுகிறேன் என்று குறைப்படுகிறீர்களே, காரணம் இதுதான்.

உடையார்பாளையம் தாண்டி, செம்மண்ணும் முந்திரிக்காடுமாகக் கிடக்கிற பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் முழுக்க வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நடுவில் ஓட்டுக் கூரை போட்ட கோவில். பூசை வைக்கப் பங்குச் சாமியார், பிள்ளைகளுக்குச் செப மந்திரமும் பாட்டும் சொல்லிக்கொடுக்க உபதேசியார். அப்பாவுக்கு முந்திரிக்காட்டுக் காவல். அதிகம் பேசமாட்டார், இந்தக் கதையிலும் அவருக்குப் பேச்சு கிடையாது. அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

பூசையில் பாடுவது பையன்கள்தான். பெண்கள் தங்கள் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்து செபமாலை உருட்டுவார்கள், கூட முனகுவார்கள். உயர்ந்த சுதியில் பாட வேண்டியதை எல்லாம் மீசை முளைக்காத பையன்களே பாடுவோம். உபதேசியார் ஆர்மோனியத்தில் ஆறாவது கட்டையை அழுத்துவார். அதுதான் எங்கள் சுதி. ஆம்பிளைகள் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு மேல் எட்டமாட்டார்கள். அந்த ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு கிழிசல் இருந்தது. சோற்றுப் பசையும் பழைய வேட்டித் துணியும் வைத்து ஒட்டியிருப்பார். இழுக்கும்போதெல்லாம் ஆள் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். புளித்த பசை வாசனையும் வரும். உபதேசியார் மட்டும் பாடவே மாட்டார். மெட்டைக் கட்டையில் வாசித்துக் காட்டுவார், வார்த்தையைப் பேச்சாகச் சொல்லுவார், இரண்டையும் சேர்ப்பது எங்கள் பாடு. ஏன் பாடமாட்டார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பெரியவர்கள் சில காரியம் செய்யமாட்டார்கள், அப்படித்தான் என்று இருந்தோம்.

வருஷத்தில் எங்கள் ஊருக்குப் பெரிய நாள் பெரிய வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் சுற்றுவட்டாரத்து சனம் எல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவர் சுரூபத்தை மாதா சுரூபத்தின் காலடியில் கிடத்துவார்கள். மாதாவுக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு பையன் நின்றுகொண்டு மாதா புலம்பலைப் பாட வேண்டும். பாடுகிற பையன் யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது, மாதாவே அழுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வருஷமாக அந்தப் பையன் நான். துணிக்குப் பின்னால் வெந்துபோகும். மெழுகுவர்த்திச் சூடு, சாம்பிராணிப் புகை, என் வேர்வை. நான் வாயைத் திறந்ததும் வெளியே விம்மல் கேட்க ஆரம்பிக்கும். கோவிலே அழும்போது என் அம்மா மட்டும் அழமாட்டாளாம். நிமிர்ந்து உட்கார்ந்து, அழுகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். பக்கத்தில் இருந்த சின்னம்மா சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசுகாலமும் முந்திரிப்பழக் காலமும் எங்கள் பக்கம் ஒன்றாக வரும். இது ஆண்டவர் எங்களுக்கு வைத்த சோதனை. காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பழம் தொங்கும், கீழே விழுந்து அழுகும், அந்தப் புளித்த இனிப்பு வாசனை கோவிலுக்குள் வரைக்கும் வரும். ஆனால் முந்திரிப்பழம் தின்றால் தொண்டை பிடித்துக்கொள்ளும், ஒரு நாள் முழுக்கக் கரகரக்கும். அதனால் பாட்டுக்காரப் பையன்கள் தபசுகாலம் முடிகிறவரை பழத்தைத் தொடக் கூடாது என்பது உபதேசியாரின் கட்டளை. மற்றப் பையன்கள் திருட்டுத்தனமாகத் தின்றார்கள். என் சின்னம்மா மகன் தின்கிற தினுசே தனி. என்னைவிட ஒரு வயசு சின்னவன். சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுத் தின்பான். பழச்சாறு பட்டால் கறை போகாது அல்லவா? தின்று முடித்து உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மணி மாதிரி பாடுவான். நான் தின்றதில்லை. பயம் என்று சொல்ல முடியாது. ஒருத்தர் சொன்னால் கேட்டுக்கொள்வேன், அப்படி ஒரு பிறவி. ஊரில் பிள்ளைகளைத் திட்டும்போது என்னைக் காட்டித் திட்டுவார்கள். அதனால் எனக்குக் கூட்டாளி குறைவு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் இருட்டுவதற்குள் பாட்டு ஒத்திகையை முடித்துக்கொள்வோம். அப்படி ஒரு சாயங்காலம் புலம்பலைப் பாடிக்கொண்டிருந்தேன். 'மகனே' என்று மேலே ஏற வேண்டிய இடத்தில் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கழுத்தை மிதித்தால் கோழி கத்துமே, அது. பையன்கள் சிரித்தார்கள். மறுபடி ஏறினேன். மறுபடி கோழி. உபதேசியார் துருத்தியை நிறுத்தினார்.

"டேய், இங்க வா. கையக் காட்டு."

விரலை மோந்து பார்த்தார். உதட்டில் முந்திரிக்கொட்டைப் பால் பட்ட புண் இருக்கிறதா என்று தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். சட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். ஒரு கறை இல்லை.

"பழம் தின்னியா?"

"இல்லீங்க அய்யா."

"பொய் சொல்லாத. தொண்ட சொல்லுது."

நான் ஆள் குட்டை. பதின்மூன்று வயசுக்குப் பத்து வயசுப் பையன் மாதிரி இருப்பேன். அதனால் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாகத் தபசுகாலத்தில் எந்தப் பையன் தொண்டை கட்டினாலும் காரணம் முந்திரிப்பழம்தான் என்று பழகிப்போன மனுஷர். பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த சின்னம்மா மகனின் கையை யாரும் மோந்து பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா சண்டைக்குப் போய்விட்டாள். "எம்புள்ள தின்னிருக்க மாட்டான். தொடாதன்னா தொடமாட்டான், அவன் அப்படி" என்று உபதேசியார் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டு வந்தாள். வந்ததும் என்னிடம் குனிந்து, "உண்மையச் சொல்லு, ஒண்ணே ஒண்ணு தின்னியா?" என்று கேட்டாள். பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. மிளகும் பனங்கற்கண்டும், ஆடாதொடை இலைச் சாறு, சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவது. எதற்கும் குரல் மசியவில்லை. காலையில் பெண்பிள்ளை மாதிரி, மத்தியானம் குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி. "தண்ணி" என்று கேட்க வாயைத் திறந்தால் முதல் எழுத்து ஒரு ஆளுக்கும் இரண்டாவது எழுத்து இன்னொரு ஆளுக்கும் சொந்தமாக இருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாரும் சேர்ந்து நான் பழம் தின்றதாகச் சொல்லும்போது, தின்றதாகவே ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாங்கிவிட்டால் குரல் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டேன். சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற மரத் தொட்டிக்கு வெளியே முழங்கால் போட்டு, மர வலைத்தட்டிக்கு வாயை வைத்து, "சாமி, தபசுகாலத்துல முந்திரிப்பழம் தின்னேன்" என்றேன். 'முந்திரி' கீச்சென்று போயிற்று, 'பழம்' பாதாளத்தில் இறங்கியது. உள்ளே சாமியார் தட்டியில் சாய்ந்துகொண்டார். பிறகு தட்டி ஆடியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என் பாவம் அவ்வளவு கனமோ என்று நடுங்கிப்போனேன்.

இங்கே ஒரு சங்கடம் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே மூச்சுவிடக் கூடாது. உபதேசியாரிடம் போய், பையனுக்கு இது பழம் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. அதனால் மறுநாள் பூசை முடிந்ததும் எதேச்சையாக வருகிற மாதிரி பாட்டு ஒத்திகைக்கு வந்தார். ஒரு மந்திரப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "வாசி தம்பி" என்றார். வாசித்தேன். இரண்டு வரிக்குள் என் குரல் மூன்று வீடு மாறியது.

"உபதேசியாரே, என்ன கேக்குது உங்களுக்கு?"

"பழந்தான் சாமி. சொன்னா கேக்க மாட்டேங்கறானுவ."

"பழமுமில்ல காயுமில்ல. மகரக்கட்டு. பையன் ஆம்பள ஆவுறான்."

உபதேசியாரின் முகம் மாறிப்போனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கம் கொஞ்சம். அதற்கு மேல் என்னவோ ஒன்று. மற்றப் பையன்களை அனுப்பிவிட்டு என்னை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரும் சின்ன வயசில் திருச்சியில் போர்டிங்கில் இருந்து பாடியவர். குரல் உடைந்தபோது அங்கே இருந்த வாத்தியார் விடவில்லை. கட்டு விடுகிற வரைக்கும் கத்து, கத்தினால்தான் விடும் என்று, விடியற்காலையில் கிணற்றுக்குள் இறக்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கவைத்து மேல் சுதியில் கத்த வைத்தார். கட்டு விட்டது. குரலும் அதோடு போயிற்று.

"எனக்கு யாரும் நிறுத்துன்னு சொல்லலடா தம்பி" என்றார். "நான் உனக்குச் சொல்றேன். பாடாத. குளிக்கறப்பகூட முனகாத. மாட்ட அதட்டாத. நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறந்து பாடக் கூடாது. என்ன?"

"சரிங்க அய்யா."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் தலையில் கை வைத்தார். நல்ல மனுஷர். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் துணிக்குப் பின்னால் சின்னம்மா மகன் நின்றான். எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பெரிய வியாழனிலிருந்து கோவில் மணி அடிக்கக் கூடாது, மணிக்குப் பதிலாகக் கையில் பிடித்து ஆட்டுகிற மரக்கட்டை ஒன்று உண்டு. அதை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். கடகடவென்று அது போடுகிற சத்தம் என் தொண்டைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆம்பிளைகள் பக்கம் தூண் ஓரத்தில் நின்று புலம்பலைக் கேட்டேன். நன்றாகப் பாடினான், சண்டாளன். அன்று மத்தியானம் அவன் முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து வந்ததை நான் பார்த்திருந்தேன். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த வருஷம் என் அம்மா அழுதுகொண்டிருந்தாள். மற்றவர்களைப் பார்க்காமல், முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு.

ஆடி மாசம் உபதேசியாருக்கு மாற்றல் வந்தது. பெரம்பலூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஏதோ ஊர் என்றார்கள். வண்டியில் சாமான் ஏற்றினார்கள். ஊரே வந்து நின்றது. ஆர்மோனியம் கோவிலுடையது, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து ஏறினார். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு, "நல்லாப் படி" என்றார். எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கு நடுவில், அழுகிற மனுஷரிடம், என் பாட்டைப் பற்றி எப்படிக் கேட்பது? வண்டி கிளம்பிவிட்டது. கடைசி வீடு வரை பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார்.

புது உபதேசியார் சுறுசுறுப்பான ஆள். வந்த வாரமே பையன்களை வரிசையாக நிற்க வைத்துக் குரல் பார்த்தார். என் முறை வந்தது.

"பாடு."

"எனக்கு உத்தரவு இல்லீங்க."

"யாரு உத்தரவு?"

"பழைய அய்யா சொல்லியிருக்காங்க. அவங்க சொல்ற வரைக்கும் பாடக் கூடாதுன்னு."

அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "ஓகோ. அப்ப அவரே வந்து சொல்லட்டும்" என்று அடுத்த பையனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எனக்கு விளக்குத் துடைக்கிற வேலை.

அம்மாவும் கேட்டாள். ஒரு நாள் களத்தில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது, "ஒரு பாட்டுப் பாடேண்டா, கையி நோவுது" என்றாள். "அய்யா இன்னும் சொல்லலம்மா" என்றேன். அவள் கையை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பெருமைப்பட்டாள்! பக்கத்தில் இருந்த பெண்களிடம், "பாத்தீங்களா, ஆளு போயி வருசமாச்சு, இன்னும் சொன்ன சொல்லு தாண்ட மாட்டேங்குது எம்புள்ள" என்றாள். அவள் மட்டும் அன்றைக்கு முதுகில் ஒன்று வைத்து, பாடுடா என்று அதட்டியிருந்தால் பாடியிருப்பேன். அம்மா சொல்லையும் கேட்கிற பையன்தானே. ஆனால் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்ற பேரை எடுத்துக்கொண்டு நான் ஊமையாக இருந்தேன்.

எனக்குப் புதுக் குரல் வந்திருப்பதே ஒரு நாள்தான் தெரிந்தது. அப்பாவுக்குப் பதில் காட்டில் காவலுக்குப் போயிருந்தேன். மரத்தில் யாரோ பழம் உலுக்குகிற சத்தம். "யாரது?" என்று ஒரு ஆள் கத்தினான். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, கத்தியது நான். பழம் உலுக்கியவன் குதித்து ஓடினான். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் என் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. கனமாக, உருண்டையாக. இன்னொரு தரம் கத்திப் பார்க்க ஆசையாக இருந்தது. அதட்டக்கூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன். கோவிலில் எல்லாரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். நெஞ்சில் பாட்டு ஓடும், தொண்டை வரை வரும், அங்கே நிற்கும். அந்த வருஷங்களில் எனக்குப் பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் தொண்டை வலித்தது. பாடாததால் வலிக்குமா என்று வைத்தியம் படித்தவர்களைக் கேளுங்கள். எனக்கு வலித்தது.

சின்னம்மா மகனுக்கும் குரல் உடைந்தது. அவனை யாரும் நிறுத்தவும் இல்லை, கிணற்றில் இறக்கவும் இல்லை. கரகரவென்று கொஞ்ச நாள் பாடினான், வலித்தபோது விட்டுவிட்டான், அலுத்தபோது மறுபடி ஆரம்பித்தான். மீசை அரும்புவதற்குள் ஆம்பிளைகள் பக்கத்தில் முன்னால் நின்று பாடினான். ஒரு நாள் கிணற்றடியில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டே பாடினான். நான் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ஏண்ணே, நீ பாடறதே இல்ல? உன்னமாரி யாருக்கு வரும்?"

"அய்யா சொல்லலையே."

"எந்த அய்யா?"

சொன்னேன். மாட்டை நிறுத்திவிட்டான். சிரிக்கப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணே, யுத்தம் முடிஞ்சு, வெள்ளக்காரனே போயிட்டான். இன்னுமா நீ அந்தச் சொல்லப் புடிச்சிக்கிட்டிருக்க? அவரு மறந்தே போயிருப்பாருண்ணே."

மறந்திருப்பார் என்பது அதுவரை என் புத்தியில் ஏறவே இல்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம், எனக்கு இன்னும் நேரம் வரவில்லை, வந்ததும் எப்படியோ சொல்லியனுப்புவார் என்றுதான். அன்று ராத்திரி எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் எரியும். நீயே பாடிவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டுக்கொண்டேன் நானும். அவர் நிறுத்தியதை அவர் வாயாலேயே திறந்துவிட வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

பங்குச் சாமியாரிடம் ஊர் பேரை விசாரித்துக்கொண்டு கிளம்பிப் போனேன். அம்மா ஒரு துணியில் முந்திரிப்பருப்பு முடிந்து கொடுத்தாள். அரியலூர் வந்து, பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரும்பாவூர் பக்கம் இன்னொரு பஸ், அப்புறம் நடை. எதிரே பச்சைமலை நீலமாகப் படுத்துக் கிடந்தது. வழி நெடுக அவரிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கடுமையாக வந்தது.

ஊருக்குள் நுழைந்ததுமே ஆர்மோனியச் சத்தம். கோவிலை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உபதேசியார். தலை நரைத்து, தோள் இறங்கியிருந்தது. ஒரு பையன் எழுந்து பாடிக்கொண்டிருந்தான். நல்ல குரல். நான் வெளியிலேயே நின்றேன். மேலே ஏறுகிற இடத்தில் அவனுக்குப் பிசிறியது. பையன்கள் சிரித்தார்கள். அவன் மறுபடி பாடினான். மறுபடி பிசிறியது.

ஆர்மோனியம் நின்றது. உபதேசியார் இந்தப் பையன் கையை மோந்து பார்க்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். மெதுவாக ஏதோ சொன்னார். பையன் தலையைக் குனிந்து கேட்டான். கடைசியில் தலையில் கையை வைத்துச் சொன்னது எனக்கும் கேட்டது.

"நான் சொல்ற வரைக்கும் பாடாத. என்ன?"

"சரிங்க அய்யா" என்றான் பையன்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கடுமையான பேச்சு ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கொட்டகைக்குள் போய் நின்றேன்.

"எப்பச் சொல்லுவீங்கன்னு அதையும் சேத்துச் சொல்லிடுங்க அய்யா."

குரலைக் கேட்டுத் திரும்பினார். யாரோ பெரிய ஆள் என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"யாரு தம்பி?"

ஊர் பேரைச் சொன்னேன். அம்மா பேரைச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மாதா புலம்பல் பாடுவியே, குட்டையா இருப்பே..."

"ஆமாங்க."

"நல்லா வளந்துட்டியேடா! குரலும் எறங்கி வந்திருக்கு. இப்பப் பாடறியா?"

"நீங்க இன்னும் சொல்லலீங்களே அய்யா."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. பையன்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அன்னியிலேருந்தா?"

"ஆமாங்க."

"மறந்துட்டேன்டா" என்றார். "வண்டியேறுன அன்னிக்கே மறந்துட்டேன். எத்தினி பையனுக்குச் சொல்லியிருக்கேன், யாருடா கேட்டான்? நீ கேப்பேன்னு நான் நெனைக்கலியே." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. முந்திரிப்பருப்பு முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் முதலில் அந்தப் பையன் பக்கம் திரும்பினார். "டேய், அடுத்த வருஷம் தபசுக்கு நீயே பாடிப் பாரு. கீழ் சுதியில மெதுவாப் பாடு. நான் இங்க இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத." பையன் தலையாட்டினான். அப்புறம் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, துருத்தியை இழுத்து, முதல் கட்டையை அழுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆசீர்வாதத்துக்குப் பாடுகிற சாதாரணப் பாட்டு ஒன்று வாயில் வந்தது. முதல் அடி யாருடையதோ போல வெளியே போனது. இரண்டாவது அடியில் குரல் பிசிறியது. சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் துருத்தியை நிறுத்தவில்லை.

"பரவால்ல," என்றார். "பாடு."